நொய்ச்சோற்றுக்காரியின் மூக்கு

எங்கள் சந்தில் காலை ஐந்தரைக்கு எழ யாருக்கும் அலாரம் வேண்டாம். தோவா அக்கா முதல் கறித்துண்டை அடுப்பில் போட்டதும், அந்தப் புகை இரண்டாம் மாடி வரை ஏறிப்போய் ஆட்களை எழுப்பிவிடும். பல் தேய்க்காமலே இறங்கி வருகிறவர்களும் உண்டு. அவளுடைய நொய்ச்சோற்றுக் கடையும் என் காப்பி வண்டியும் பதினான்கு வருஷமாக ஒரே குடையின் கீழ் நிற்கின்றன. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் இந்தச் சைகோனில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு நேர்ந்ததில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் பெயர் லூ.

தோவா அக்கா லாங் ஆன் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள். கால்வாய்க்கரை அரிசி மண்டியில் சல்லடை பிடிக்கிற வேலை. முழு அரிசி ஒரு பக்கம் போகும், உடைந்த நொய் கீழே விழும். அந்த நொய்யை அப்போது கோழி வளர்ப்பவர்கள் வாங்குவார்கள், இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் வாங்குவோம். மூட்டை தூக்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வேலைக்கு வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஒரு குண்டான் நொய்யை வேகவைத்து, பொரித்த முட்டையும், உப்பில் ஊறிய மீனிலிருந்து வடிக்கிற மீன்சாறும் சேர்த்து விற்றாள். பத்து நிமிஷத்தில் குண்டான் காலி. மறுநாள் இரண்டு குண்டான். மூன்றாவது மாதம் சல்லடையைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது நல்ல நொய்க்கு முழு அரிசியைவிடக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் தோவா அக்காவுக்குச் சிரிப்பு வரும். ஏழைச் சோறு என்று யாரும் இப்போது சொல்வதில்லை. அவள் போட்டிருக்கிற குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல்களில் வங்கி அதிகாரியும் உட்காருவார், பக்கத்திலேயே மீன் இறக்குகிறவரும் உட்காருவார். இருவர் முழங்காலும் ஒன்றோடொன்று இடிக்கும். இருவர் தட்டிலும் ஒரே சோறுதான்: பூப்போல உதிர்ந்த நொய், அதன் மேல் சுட்ட பன்றிக்கறி, வறுத்த அரிசிமாவில் புரட்டிய பன்றித்தோல் துருவல், ஆவியில் வெந்த முட்டைக்கறிக் கட்டி, சூடான எண்ணெயில் வதங்கிய வெங்காயத்தாள், ஓரத்தில் காடியில் ஊறிய கேரட். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது சர்க்கரையும் எலுமிச்சையும் பூண்டும் கலந்த மீன்சாறு. அது சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

அந்த மீன்சாற்றைப் பற்றி ஒவ்வொரு நாளும் ஒரு குறை சொல்ல எங்கள் சந்தில் ஒருவர் இருந்தார். கியெம் அண்ணன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், மனைவியை இழந்து பல வருஷமாகத் தனியாக இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவர் பெயருக்கு அடக்கம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஆளைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். சரியாக ஆறு பத்துக்கு வருவார், முதல் கரண்டி வாய்க்குள் போனதும் கண்ணை மூடுவார், திறந்ததும் ஒரு குற்றம். இன்றைக்கு மீன்சாறு அழுகிறது, இன்றைக்குக் கறி கோபமாக இருக்கிறது, இந்த எலுமிச்சம்புல்லைப் பசுமாட்டுக்குப் போட்டிருக்கலாம். தோவா அக்கா கரியை விசிறிக்கொண்டே பதில் கொடுப்பாள். இவ்வளவு மோசம் என்றால் அடுத்த சந்துக்குப் போகவேண்டியதுதானே என்பாள். அங்கே இதைவிட மோசம் என்பார் அவர். பதினோரு வருஷம் இப்படியே போனது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து அவரை யாரும் பார்த்ததில்லை. இந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே என்னிடம் இரண்டாவது காப்பி வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

பிறகு அந்தக் கொரோனா வருஷம். சந்தின் வாயில் கயிறு கட்டி, குறுக்கே மேசைகளைப் போட்டு அடைத்தார்கள். தோவா அக்காவுக்கும் வந்தது. ஒன்பது நாள் காய்ச்சல், அதன் பிறகு ஒரு மாதம் இருமல். நான் கதவடியில் கஞ்சி வைத்துவிட்டு வருவேன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சந்தின் அடைப்பை எடுத்தபோது, அவள் மெலிந்த கையோடு மறுபடி கரி பற்றவைத்தாள். சந்தே கைதட்டியது. கியெம் அண்ணன் மட்டும், நாலு மாதம் கடையை மூடிக் கிடந்தும் எலுமிச்சம்புல்லை அளவாகப் போடக் கற்றுக்கொள்ளவில்லை என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது இரண்டாவது வாரத்தில். ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்து கரியில் விழுந்து உருகியது. ஸ்டூலில் இருந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அதன் பக்கத்திலேயே நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கறியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கூட்டம் போனதும், தலைவலிக்கு நாங்கள் எல்லோரும் பையில் வைத்திருக்கிற பச்சைத் தைலத்தைத் திறந்து அவள் மூக்கடியில் பிடித்தேன்.

“என்ன வாசனை, சொல்லுக்கா.”

“என்னடி விளையாட்டு?”

“சொல்லேன்.”

அவள் குப்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “தைலம்னு கண்ணுக்குத் தெரியுது,” என்றாள். அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காய்ச்சலோடு மூக்கும் போய்விட்டது. நாக்கில் உப்பும் இனிப்பும் மட்டும் எங்கேயோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போல இருக்கிறது. சோறு தின்றால் பஞ்சு தின்பது போல. டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். தினமும் நாலு பொருளை முகர்ந்து பழகச் சொன்னாராம். தோவா அக்கா எலுமிச்சம்புல், பூண்டு, மீன்சாறு, என் காப்பித்தூள் நான்கையும் எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் கண்ணை மூடி முகர்வாள். வாசலில் யாராவது பார்த்தால் தும்மல் வருகிற மாதிரி நடிப்பாள். மூக்கில்லாத சமையல்காரி என்று தெரிந்தால் எவன் வந்து சாப்பிடுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் வாழைப்பழத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

இருந்தும் கடை நடந்தது. கறி வெந்ததைச் சத்தத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் கண்டுபிடித்தாள். சோற்றுக்குக் கை போதும். முழு அரிசிக்கு வைக்கிற தண்ணீரை நொய்க்கு வைத்தால் கூழாகிவிடும் என்பது அவள் விரல்களுக்கே தெரியும். மீன்சாற்றைக் கிண்ணத்தால் அளந்து கலந்தாள். ஆனால் எலுமிச்சை தினம் ஒரு புளிப்பு, பூண்டு வாரத்துக்கு ஒரு காரம். அளவு ஒன்றாக இருந்தாலும் ருசி ஒன்றாக இருக்காது. அங்கேதான் அவளுக்குக் கியெம் அண்ணன் கைகொடுத்தார், அவருக்கே தெரியாமல்.

அவர் குற்றம் சொன்னதும் அவள் திரும்பிக்கொண்டு ஒரு கரண்டி சர்க்கரை சேர்ப்பாள், இல்லாவிட்டால் ஒரு எலுமிச்சை பிழிவாள். அடுத்து வருகிறவர்களுக்கு அருமையான சோறு கிடைக்கும். சண்டை மட்டும் நின்றுவிட்டது. அவர் புல் பச்சையாக இருக்கிறது என்றால், சரிண்ணே என்பாள். அவருக்கு அது ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் காப்பிக் குவளையோடு என் பக்கம் நெருங்கி, இவள் ஏன் திட்டமாட்டேன் என்கிறாள், உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா, சொல், நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் வியாதியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படியோ முழுக்கதையும் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் ஆறு பத்துக்கு அவர் வந்தார். முதல் கரண்டி. கண்ணை மூடினார், திறந்தார்.

“நல்லா இருக்கு,” என்றார்.

தோவா அக்காவின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு பெருமை. இரண்டாம் நாளும் நல்லா இருக்கு. மூன்றாம் நாளும். அவள் என்னிடம் வந்து, அவருக்கும் மூக்குப் போய்விட்டதா என்று கேட்டாள். நான் பால் டப்பாவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன். ஒன்பது நாள் இப்படிப் போனது. அவள் கலப்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போனதில், ஸ்டூல்களில் கொஞ்சம் இடைவெளி விழ ஆரம்பித்ததை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

பத்தாம் நாளுக்கு முந்தின இரவு மின்சாரம் ஐந்து மணி நேரம் போயிருந்தது. மசாலா தடவிய கறி ஃப்ரிட்ஜில் இருந்தது. காலையில் பார்க்கும்போது நிறம் மாறவில்லை, தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. அவள் அதை அடுப்பில் போட்டாள். புகை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் என் வண்டியில் காப்பி பொங்கிக்கொண்டிருந்தது, சந்தின் பின்னால் ஓடும் கால்வாயின் நாற்றமும் சேர்ந்திருந்தது, என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கியெம் அண்ணன் உட்கார்ந்தார். ஒரு துண்டைத் தின்றார். நல்லா இருக்கு என்றார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, வழக்கத்தைவிட வேகமாக எழுந்து போனார்.

அடுத்து உட்கார்ந்தது ஒரு தையற்கடைப் பெண். வாயில் வைத்ததைக் காகிதத்தில் துப்பிவிட்டு, மெதுவாக, அத்தை, கறி புளிச்சுப்போச்சு என்றாள். நல்ல பெண், சத்தம் போடவில்லை. தோவா அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அடுப்பில் இருந்ததையும் சட்டியில் இருந்ததையும் அப்படியே குப்பைப் பையில் கொட்டினாள். தட்டோடு காத்திருந்தவர்களிடம் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டாள். கரியில் தண்ணீர் ஊற்றினாள். இருபத்தைந்து வருஷத்தில் ஆறரை மணிக்கு அவள் கடை மூடியது அன்றுதான். அவள் முதுகைத் தடவலாம் என்று போனேன். அதற்குள் அவள் சந்தின் கோடியில் இருக்கும் கியெம் அண்ணன் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

கியெம் அண்ணன் பாயில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்து, வயிற்றின் மேல் தைலம் பளபளத்தது. சுற்றிலும் வண்ணம் காயாத பெயர்ப்பலகைகள். தோவா அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

“கறி கெட்டிருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் தின்னீங்களா?”

“ஒரு துண்டுதானே.”

“ரெண்டு. ரெண்டாவதைக் கேட்டு வாங்கித் தின்னீங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “உனக்கு மூக்குப் போச்சுன்னு கேட்டதும் மனசு கேக்கல. இத்தனை நாளா வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டோமேன்னு இருந்துச்சு.”

தோவா அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. நான் அதில் தேதி பார்த்தேன்.

“பதினோரு வருஷமா வாயைத் தொறந்தா குத்தம்,” என்றாள் அவரிடம். “நான் கேட்டேனா? கேக்கல. இப்ப மூக்கில்லாம உங்க நாக்கை நம்பித்தான் கடையைத் தொறக்கறேன். இந்த நேரம் பாத்து நல்ல மனுஷனா மாறிட்டீங்களே, நியாயமா இது?”

“என் நாக்கையா?”

“பின்ன யார் நாக்கை? நீங்க குத்தம் சொன்னா அதை வச்சு நான் சரிபண்ணுவேன். நல்லா இருக்கு நல்லா இருக்குன்னா நான் எதைப் புடிச்சு சரிபண்றது? அந்தப் பொண்ணு இன்னிக்கி என் சோத்தைத் துப்பிட்டுப் போறா.”

அவள் ஏப்ரன் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கியெம் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப சொல்லவா?”

“சொல்லுங்க.”

“போன செவ்வாக்கிழமையிலேர்ந்து மீன்சாத்துல பூண்டு பச்சையா அடிக்குது.”

“ம்.”

“புதன்கிழமை கேரட்ல காடியே இல்ல. வியாழக்கிழமை கறியில சக்கரை தூக்கலு, பல்லுல ஒட்டுது. அந்த முட்டைக்கட்டி இருக்கே, அதுல மிளகு போட்டியா இல்ல மறந்துட்டியா?”

ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தோவா அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நிறம் திரும்பியது. அரை மணி நேரத்தில் இரண்டு தடவை கக்கூசுக்கு ஓடினார். ஓடிவந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

என்னோடு அவள் மூன்று நாள் பேசவில்லை. குடையை மட்டும் தன் பக்கமாக ஒரு முழம் நகர்த்திக்கொண்டாள். நான் வெயிலில் நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான்.

மூடிய இரண்டாம் நாள் கடையைத் திறந்தபோது அவள் ஒளிக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் தானே சொன்னாள்: எனக்கு வாசனை தெரியாது, ஏதாவது சரியில்லை என்றால் சொல்லுங்கள். அது இன்னொரு தொல்லையில் முடிந்தது. எங்கள் ஆட்களிடம் கருத்துக் கேட்கக்கூடாது. தெற்கே ஆற்று டெல்டாக்காரர்கள் இன்னும் இனிப்பு வேண்டும் என்றார்கள். நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர்கள் இது சோறா பாயசமா, மிளகாய் எங்கே என்றார்கள். ஹனோயிலிருந்து வந்திருந்த ஒருவர் காலையிலேயே இவ்வளவு கறியா என்று கவலைப்பட்டார். ஒரு வாரத்தில் மீன்சாறு எந்த ஊர்க்காரர் என்றே தெரியாமல் போய்விட்டது. எட்டாம் நாள் அவள் அகப்பையால் குண்டானைத் தட்டி, இனிமேல் ஒருத்தர் பேச்சுதான் எடுபடும், மற்றவர்கள் வாயைச் சாப்பிட மட்டும் திறக்கலாம் என்று அறிவித்தாள்.

அன்றிலிருந்து கியெம் அண்ணன் காலை ஐந்தேகாலுக்கே வர ஆரம்பித்தார். பச்சைக் கறியை முகர்ந்து பார்ப்பார். மீன்சாற்றை மூன்று தடவை நக்கிப் பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் கரி பற்றும். அதற்காக ஒரு தட்டு இலவசம் என்று அவள் சொன்னபோது கோபித்துக்கொண்டார். ஓசியில் தின்றால் குறை சொல்ல வாய் வராதாம். ஆகவே காசு கொடுத்துத் தின்று, குறையும் சொன்னார். அவளும் பழையபடி திட்ட ஆரம்பித்தாள். ஸ்டூல்கள் நிறைந்தன. அந்தத் தையற்கடைப் பெண்ணும் வந்தாள். அவள் தட்டில் அக்கா எப்போதும் ஒரு துண்டு கூடுதலாக வைப்பாள்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மூக்கு திரும்ப ஆரம்பித்தது. ஆனால் கோணலாகத் திரும்பியது. பூண்டு சோப்பு மாதிரி. சுட்ட கறி ஈரக் கம்பளி மாதிரி. என் காப்பி டயர் எரிகிற மாதிரி. இதைச் சொன்னதோடு விடவில்லை. என் வண்டியை மூன்று மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னாள். பதினான்கு வருஷ நட்பு இது. நான் இரண்டு மாதம் குடைக்கு வெளியே நின்று காப்பி ஆற்றினேன். கூட்டத்தில் யாராவது என்ன சண்டையா என்று கேட்டால், இல்லை, என் காப்பி டயர் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று சந்துக்காரர்கள் அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். தோவா அக்காவின் கணவர் வூங் தாவ் பக்கம் மீன்பிடிப் படகில் போனவர், அங்கேயே வேறொரு குடும்பமாகி, முறையாகப் பிரிந்து இருபது வருஷமாகிறது. கேட்டவர்களிடம் அவள், விடியக்காலை கேட்கிற குறையே போதும், ராத்திரிக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கியெம் அண்ணனிடம் கேட்டவர்களுக்கு, அவள் தோல் துருவலை இன்னும் பொடியாக வெட்டட்டும், யோசிக்கிறேன் என்று பதில் வந்தது.

போன அக்டோபரில் பௌர்ணமி ஓதம். ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் ஏறி, சாக்கடை வழியாக எங்கள் சந்துக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வந்துவிட்டது. வருஷா வருஷம் வருவதுதான். தோவா அக்கா அடுப்பை இரண்டு ஸ்டூல்களின் மேல் ஏற்றிவைத்தாள். சாப்பிட வந்தவர்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, கறுப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சோறு நேரத்துக்கு வந்துவிட்டது, வேறென்ன வேண்டும்.

அவள் தட்டு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள். மூக்கை மேலே தூக்கி ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொரு மூச்சு.

“லூ,” என்றாள். “கால்வா நாறுதுடி.”

“எப்பவும் நாறுறதுதானேக்கா.”

“இல்லடி. கால்வா மாதிரியே நாறுது.”

அந்தச் சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஸ்டூலில் இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஒருவர் கரண்டியால் தட்டைத் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். கியெம் அண்ணன் மட்டும் தட்டவில்லை. மீன்சாற்றுக் கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் அவள் மூக்கடியில் நீட்டினார். அவள் வெகுநேரம் முகர்ந்தாள்.

பூண்டு கொஞ்சம் தெரிகிறது என்றாள். எலுமிச்சை இன்னும் தெரியவில்லையாம். எலுமிச்சையில் ஒன்றும் குறைவில்லை, அளவாக இருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் நம்பவில்லை, இன்னும் அரை மூடி பிழிந்தாள். அதற்கு ஒரு சண்டை. தண்ணீர் வடிய மதியமாகிவிட்டது. சோறு எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.

இப்போது அவளுக்கு முக்கால்வாசி தெரிகிறது. என் காப்பி மறுபடி காப்பியாகிவிட்டது. வண்டி குடைக்குள்ளே வந்துவிட்டது.